நேரத்துக்கு முந்தி வந்து நிற்பவள்

பிரெஞ்சு நாட்டில், எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவில், மரக்கறிக் கடைக்காரர் காலை ஒன்பதரைக்குத்தான் இரும்புக் கதவைத் தூக்குவார். அவள் ஒன்பது மணிக்கே அங்கே நிற்பாள். மழையென்றாலும் நிற்பாள், பனி கொட்டினாலும் நிற்பாள். கதவில் சாய மாட்டாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடனே ஓட வேண்டும் என்பதுபோல ஒரு காலை முன்னுக்கு வைத்து நிற்பாள்.

"அக்கா, திறப்பை உங்களிட்டையே தந்துவிடுறன். நீங்களே திறந்து, கூட்டி, சாம்பிராணியும் காட்டி வையுங்கோ. நான் ஆறுதலாய் எழும்பி வாறன்" என்று கடைக்காரர் பகிடி விடுவார்.

"தாருங்கோ தம்பி" என்பாள் அவள். முகத்தில் சிரிப்பு இருக்காது. கடைக்காரருக்குத்தான் சங்கடமாகப் போகும்.

எங்கள் கட்டிடத்தில் அவளை மூன்றாம் மாடிக்காரி என்று சொல்வோம். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டிடம், லிப்ட் இல்லை. நான் மகன் குடும்பத்தோடு முதலாம் மாடியில் இருந்தேன். அவள் ஒற்றை அறையில் தனியே இருந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். நான் பிள்ளை என்று கூப்பிடுவேன், அவள் என்னை அக்கா என்பாள். அவளுடைய சொந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கலியாணத்துக்குப் போனாலும் அப்படித்தான். அவள் போகிற நேரத்தில் மண்டபத்தில் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி இருக்கும். மணவறை சோடிக்கிறவர்கள் ஏணியில் நின்று, "நீங்கள் பொம்பிளை பகுதியோ, மாப்பிளை பகுதியோ?" என்று கேட்பார்கள். "நான் முந்தி வந்த பகுதி" என்று சொல்லிவிட்டுக் கதிரைகளை இறக்கி வரிசையாகப் போடுவாள். பிறிபெக்ச்சர் அலுவலகத்தில் வதிவிடக் காட் புதுப்பிக்க ரந்தேவு, அதுதான் நாளும் நேரமும், கிடைத்தால், முதல்நாளே ஒருதரம் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவாள்.

"வாசல் எங்கை பிள்ளை ஓடப்போகுது?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"வாசல் ஓடாது அக்கா. நாங்கள்தான் நடுவழியிலை நிண்டிடுவம்."

முந்திப் போனால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான், பிந்திப் போனால் அதற்கு மருந்து இல்லை என்பது அவளுடைய பேச்சு. இதை அவள் ஆருக்கும் புத்தி சொல்வதுபோலச் சொல்வதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படி இறங்குவாள்.

நானும் அவளும் ஒரே இடத்தில் துப்பரவு வேலை செய்தோம். சென் லாசார் பக்கத்தில் ஒரு கந்தோர், ஆட்களை ஊர் பார்க்க அனுப்புகிற கந்தோர். அங்கே வேலை செய்கிறவர்கள் எட்டரைக்கு வருமுன் நாங்கள் கூட்டித் துடைத்து முடித்துப் போய்விட வேண்டும். முதல் மெத்ரோ ஐந்தரைக்கு. அவள் நாலரைக்கே வந்து எங்கள் கதவை ஒற்றை விரலால் தட்டுவாள். என் மகன் போர்வைக்குள்ளிருந்தபடியே, "அம்மா, உங்கட அலாரம் வந்திட்டுது" என்பான். மெத்ரோ வாசல் கம்பிக்கதவு திறக்கும்வரை நாங்கள் இருவரும் வெளியில் நிற்போம். எனக்கு நாலுபேர் நடுவில் வாய் திறக்க வராது. இரண்டுபேராக இருந்தாலும் கேட்டால்தான் சொல்வேன். அவள் கேட்க மாட்டாள். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதை எனக்கு ஒரேயொரு தரம் சொன்னாள். வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டு நிற்கும்போது, குழாய்ச் சத்தத்தோடு சேர்த்துச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு மகன். புருஷன் முன்னமே இல்லை. மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவனை வன்னியில் தன் மாமியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தாள். காட் கிடைத்ததும் கூப்பிடலாம் என்று வந்தவள். காட் கிடைக்கப் பல வருஷம் போனது. அது கிடைத்துப் பிள்ளையைக் கூப்பிடக் கடதாசி போட்ட நேரத்தில் அங்கே பாதையெல்லாம் பூட்டிவிட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, சண்டை கடைசிக்கு வந்துகொண்டிருந்தபோது, இன்ன நாள் இங்கத்தைய நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு ரெலிபோன் எடுப்பதாக மகன் ஆரோ மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கிற ரெலிபோன். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒபர்வில்லியேயில் இருக்கிற தாய்மாமன் வீட்டு இலக்கம் ஒன்றுதான். அவள் அன்றைக்குப் பின்னேர வேலையை முடித்துவிட்டு மெத்ரோவில் ஏறினாள். நேரம் இருந்தது. மெத்ரோ இரண்டு தரிப்புக்கு நடுவில், இருட்டுக்குள் நின்றுவிட்டது. இருபது நிமிஷம் நின்றது.

"அண்ணை வீட்டுப் படியிலை ஏறேக்கை மணிச்சத்தம் கேக்குதோ எண்டு காது குடுத்துக்கொண்டு ஏறினன். ஒண்டும் கேக்கேல்லை. அண்ணை கதவடியிலை நிண்டார். அவரின்ரை முகத்தைப் பாத்து விளங்கீற்றுது."

"என்ன சொன்னவனாம்?"

"அம்மா எங்கை எண்டு கேட்டவனாம். வாறா, வாறா, படியிலை வாறா எண்டு அண்ணை சொன்னவராம். பேந்து கட்டாகிப்போச்சுது."

பிறகு அவன் எடுக்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொல்ல ஆளும் இல்லை, செத்ததாகச் சொல்ல ஆளும் இல்லை. முகாம்களில் இருந்து வெளிவந்த பெயர்ப் பட்டியல்களில் தேடினார்கள். படங்களில் தேடினார்கள். மாமியும் அந்தச் சண்டையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் கேட்பதற்கும் ஒருவரில்லை. அன்றிலிருந்துதான் அவள் எல்லா இடத்துக்கும் முந்திப் போய் நிற்கத் தொடங்கினாள்.

தமையன் நல்ல மனிசன். என் வயதுதான் இருக்கும். ஒபர்வில்லியேயில் துணிக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. முதல் இரண்டு வருஷம் அவரும் அவளோடு சேர்ந்து காத்திருந்தார். மூன்றாம் வருஷம் அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். பேசிய மூன்றும் குழம்பிப்போயின. சாத்திரியிடம் சாதகத்தைக் கொண்டுபோனார்கள். சாத்திரி வேறொன்றும் கேட்கவில்லையாம், உங்கள் குடும்பத்தில் கிரியை செய்யாத சாவு ஏதும் இருக்கோ என்றுதான் கேட்டாராம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மூன்று மாடியும் ஏறி வருவார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே போவார். சிலநேரம் அவளை எங்கள் வீட்டுக்கே கூப்பிட்டுக் கதைப்பார், பக்கத்தில் ஆள் இருந்தால் சண்டை வராது என்று.

"அவன் போயிட்டான் பிள்ளை. எனக்கு மட்டும் அவன்மேலை பாசமில்லையோ? போனவனுக்கு ஒரு எள்ளுந்தண்ணியும் இறைக்காமல் வைச்சிருக்கிறம். அவன் போகவும் ஏலாமல், வரவும் ஏலாமல் என்ரை வீட்டு வாசல்லை நிக்கிறானாம்."

"நிக்கட்டும். மாமா வீடுதானே" என்றாள் அவள்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு திரும்பி வந்தார்.

அவள் கோயிலில் பூ வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஐயர் பார்க்காமல் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உயிரோடு இருக்கிறான், சிவப்பு வந்தால் இல்லை. முதல்தரம் வெள்ளை வந்தது. தமையன் இன்னொருதரம் பார்ப்போம் என்றார். சிவப்பு வந்தது. மூன்றாம் தரத்துக்கு ஐயர் சம்மதிக்கவில்லை. "அம்மா, ஒரே கேள்வியை அம்பாளிட்டைத் திருப்பித் திருப்பிக் கேக்கக்கூடாது. அவவுக்கும் அலுப்பு வரும்" என்று சொல்லித் தட்டத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தக் கந்தோரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. பச்சையான ஒரு மலை, தலை மட்டும் முகிலுக்கு மேலே. அதற்குப் பின்னால் சூரியன் எழும்புகிறது. ஆறு வருஷம் அவள் அந்தப் படத்துக்குத் தூசி தட்டினாள். பூ வைத்துப் பார்த்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒருநாள் வேலை முடிந்தும் அவள் போகவில்லை. மேலதிகாரி மதாம் வரும்வரை படத்துக்குக் கீழே நின்றாள். நானும் நின்றேன். மதாம் வந்ததும், இது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்கு என்னைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும்.

இந்த நாட்டிலேதான், ரயிலில் மூன்றரை மணித்தியாலம் என்றார் மதாம். பெயர் புய் தெ தோம். ஒருகாலத்தில் நெருப்புக் கக்கிய மலை. சூரியன் எழும்புவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை, வழிகாட்டி ஒருவர் விடியுமுன்னே வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அடிவாரத்தில் இறக்கி, பிறகு நடத்திக் கூட்டிப்போவார். நடை ஒரு மணித்தியாலம். வேண்டுமென்றால் தானே இடம் பிடித்துத் தருவதாகவும் சொன்னார். துப்பரவு வேலைக்காரிக்கு மலை எதற்கு என்று கேட்காத மனிசி. அவரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் வைத்து அவள் தமையனிடம் சொன்னாள்.

"அண்ணை, நான் அந்த மலைக்குப் போறன். உச்சியிலை நிண்டு பாக்கிறன். சூரியன் முழுசாய்த் தெரிஞ்சால் அவன் இருக்கிறான். நீங்கள் பேந்து இந்தக் கதை எடுக்கக்கூடாது. தெரியாட்டில் நீங்கள் சொல்லுற நாளிலை அந்தியேட்டிக் கிரியை செய்வம்."

"சூரியன் என்ன சாத்திரியோ?"

"ஐயரின்ரை கை நடுங்கும். சூரியனுக்குக் கை இல்லை."

தமையன் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் கூடப் போங்கோ. அவள் தெரியாததையும் தெரிஞ்சதெண்டு வந்து சொல்லுவாள். நீங்கள் பொய் சொல்லாத மனிசி. என்ன கண்டனீங்களோ அதை மட்டும் வந்து எனக்குச் சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டினேன். அறுபது வயதில் எனக்கு மலை ஏறப் பயம்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு மலை என்ன தெரியும், எங்கள் ஊரில் உயரமான இடம் கோயில் கோபுரம். ஆனால் மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, செப்டெம்பர் மாதம். பெர்சி நிலையத்தில் மத்தியானம் ரயில். அவள் காலை எட்டுக்கே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கில் இருத்திவிட்டாள். கிளேர்மோன் என்ற ஊரில் நிலையத்துக்கு முன்னால் மலிவான அறையொன்றில் தங்கினோம். வேன் விடிய ஐந்து மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மூன்றரைக்கு முகம் கழுவி, சேலை உடுத்து, அதன்மேல் குளிர்ச்சட்டை போட்டு, சப்பாத்துக் கட்டி, என்னையும் எழுப்பிவிட்டாள். விடுதி வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. அவளுடைய கைப்பைக்குள் விபூதியும் கற்பூரமும் தேசிக்காய் ஒன்றும் மகனுடைய படமும் இருந்தன. பள்ளிக்கூட உடுப்போடு எடுத்த படம். வேறு படம் அவளிடம் இல்லை.

வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க பெண். நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தாள். வேனில் எங்களைத் தவிர ஐந்து வெள்ளைக்காரர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு நெற்றி விளக்குத் தந்தாள். அடிவாரத்தில் இறங்கியதும், என் சப்பாத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன்னுடைய ஊன்றுதடியை என் கையில் தந்தாள்.

அது முந்தின காலத்தில் கழுதைகள் சாமான் ஏற்றிக்கொண்டுபோன பாதையாம். வளைந்து வளைந்து போகிறது. இருட்டுக்குள் முன்னால் போகிறவரின் குதிக்கால் மட்டும் தெரியும். அவள் வழிகாட்டிக்கு முன்னாலே போகப் பார்த்தாள். வழிகாட்டி இரண்டுதரம் கையைப் பிடித்து நிறுத்தி, மதாம், சூரியன் எங்களை விட்டுவிட்டு எழும்பாது என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நடுவில் எனக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் எனக்காக நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்போது அவள் வழிகாட்டியிடம் ஏதோ கேட்டாள். வழிகாட்டி பதில் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை.

"என்ன பிள்ளை?"

"இது செத்த மலையோ, நித்திரை கொள்ளுற மலையோ எண்டு கேட்டனான் அக்கா. ஆயிரக்கணக்கான வருஷமாய் ஒரு புகையும் இல்லையாம். எண்டாலும் செத்துப்போச்சுதெண்டு எழுதிக் கையெழுத்து வைக்க ஒருத்தருக்கும் துணிவில்லையாம். நித்திரை எண்டுதான் சொல்லுவினமாம்."

கற்பூரம் கொளுத்தலாமோ என்றும் கேட்டாள். கூடாது, மலையில் நெருப்பு வைப்பதற்குத் தடை என்றாள் வழிகாட்டி. "நெருப்பு மலையிலை நெருப்புக் கூடாதாம் அக்கா. கேட்டியளே கதையை" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அந்த நேரம் அவளைப் பார்த்தால், பிள்ளைக்குக் கலியாணம் பேசப் போகிற தாயைப் போல இருந்தாள்.

உச்சியில் ஒரு பெரிய அன்ரனாக் கம்பம் நிற்கிறது. அதற்குக் கீழே இடிந்துபோன கோயில் ஒன்றின் கல்மதில். பழைய காலத்துச் சாமி, செய்தி கொண்டு ஓடித் திரிந்த சாமி என்று வழிகாட்டி சொன்னாளாம். "தபால்காரச் சாமி அக்கா" என்றாள் அவள். தேசிக்காயை அந்தக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டாள். பிறகு கம்பி வேலியோரம் போய், எல்லோருக்கும் முந்தி இடம் பிடித்து நின்றாள். ஒரு கால் முன்னுக்கு இருந்தது.

எதிரில் ஒன்றுமே இல்லை. வெள்ளை முகில்தான், அரிசி கழுவின தண்ணீரைப் போல. காற்றுச் சேலையைப் பிடித்து இழுத்தது. என் பல்லெல்லாம் அடித்தது. வழிகாட்டி சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்து எல்லோருக்கும் கோப்பி ஊற்றித் தந்தாள். அவள் வாங்கவில்லை. படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, முகம் வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டாள். இருட்டுச் சாம்பலாகி, சாம்பல் வெளுத்தது. ஏழு மணி தாண்டியது. ஏழேகால் ஆனது. வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். இன்றைக்குச் சூரியன் எழும்பிவிட்டது, எங்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான் என்றாள். ஆட்கள் கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டுபேர் பாதைப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது முகில் கிழிந்தது.

சும்மா ஓட்டையல்ல. பெரிய கதவொன்றை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்ததுபோலத் திறந்தது. சூரியன் முழுவதாக நின்றது, ஒரு பக்கமும் குறையாமல். கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை மலைகள், ஒவ்வொன்றின் தலையிலும் குழி. வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். போனவர்கள் ஓடி வந்தார்கள். நான் அவளைத்தான் பார்த்தேன். வெளிச்சம் அவளுடைய முகத்தில் நேரே அடித்தது. மூக்குத்தி மின்னியது. கண்ணை மூடவில்லை. விரியத் திறந்து, நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பால் பொங்கி அடங்குகிற நேரம் இருக்கும். முகில் திரும்ப மூடிவிட்டது.

நான் கிட்டப் போனேன். எனக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம். நான் பார்த்துவிட்டேன், நான் சாட்சி, தமையனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. வாழ்க்கையில் நாலுபேர் முன்னால் சத்தமாகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே விஷயம் அதுதான்.

அவள் படத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்டும் தெரியேல்லை என்ன அக்கா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை, இப்ப..."

"முகில். வெறும் முகில்." என் கையைப் பிடித்தாள். விரல்கள் மரக்கட்டை மாதிரிக் குளிர்ந்திருந்தன. "நாலு வருஷமாய் எல்லா இடத்திலையும் முந்திப் போய் நிக்கிறன் அக்கா. எனக்குக் கால் உளையுது. அண்ணை கேப்பார். முகில் எண்டு சொல்லுங்கோ."

இறங்கும்போது அவள் எனக்குப் பின்னால் வந்தாள். எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். வேனுக்குள் ஏறியதும் நித்திரையாகிவிட்டாள். கிளேர்மோன்வரை தலை என் தோளில் கிடந்தது. அவள் நித்திரை கொண்டதையும் நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் ரயிலில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். சூரியன் தெரிந்தால் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டவள் அவள். பதிலும் வந்துவிட்டது. வந்த பதிலை ஒரு தாய் திருப்பி அனுப்புவாளா? பிறகு நினைத்தேன், பதில் வந்தால் என்ன, இன்னும் நாலு வருஷம், பிறகு இன்னும் நாலு வருஷம் அவள் அந்த ஒரு காலை முன்னுக்கு வைத்து நிற்க வேண்டும். அவள் மலை ஏறியது தோற்பதற்குத்தானோ என்னவோ. சூரியன் தோற்கவிடவில்லை, அதனால் தானே தோற்றுக்கொண்டாள்.

தமையன் பெர்சி நிலையத்துக்கே வந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்னக்கா?"

அவள் பக்கத்தில் நின்று கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் கீழே பார்த்துக்கொண்டு, "முகில் தம்பி" என்றேன்.

அவர் நினைத்தது நடந்துவிட்டது. இனி மகளுடைய காரியம் பார்க்கலாம். ஆறுதலாக மூச்சு விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அந்தப் பெரிய நிலையத்தின் நடுவில், பெட்டிகளை இழுத்துக்கொண்டு சனம் போய்வரும் இடத்தில், நிலத்தில் குந்திவிட்டார். துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "கொஞ்சமும் தெரியேல்லையோ அக்கா? ஒரு ஓரமும் தெரியேல்லையோ?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் குரலைக் கடைசியாகக் கேட்டவர் அவர்தானே. அவரும் அந்தச் சூரியனைத்தான் நம்பி நின்றிருக்கிறார். எனக்கு அது அதுவரை தெரியாது.

அவள்தான் குனிந்து அவரைத் தூக்கினாள். "எழும்புங்கோ அண்ணை. சனம் பாக்குது."

ஐப்பசி அமாவாசையில் கிரியை செய்தார்கள். தமையன்தான் கொள்ளி வைக்க உரிமையுள்ளவராகத் தர்ப்பை போட்டு இருந்தார். அடுத்த வருஷம் அவருடைய மகளுக்குக் கலியாணம் நடந்தது. அத்தை முறையில் முன்னுக்கு நிற்க வேண்டியவள், தாலி கட்டி முடிந்து சனம் பந்தியில் இருக்கும்போது வந்து சேர்ந்தாள். கந்தோர் வேலைக்கும் பிந்தத் தொடங்கினாள். பத்ரோன், எங்கள் முதலாளி, இரண்டுதரம் எச்சரிக்கைக் கடதாசி கொடுத்துவிட்டு வேலையால் நிறுத்திவிட்டார். பிறகு லண்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். அங்கிருந்து எனக்கு இரண்டுமுறை கதைத்தாள். மூன்றாம் மாடி அறையில் இப்போது வேறு ஆட்கள். அவர்கள் எங்கள் கதவைத் தட்டுவதில்லை. நான் நாலரைக்கு முழித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஆனால் எனக்கு மறக்க ஏலாமல் இருப்பது மலையல்ல. கிரியை முடிந்து தமையன் வீட்டில் படைத்த நாள்.

எங்கள் ஆட்களில், இறந்தவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் சமைத்து இலையில் வைக்க வேண்டும். அவளுடைய மச்சாள், தமையனின் பெண்சாதி, முதல்நாளே குசினியில் நின்று அவளைக் கேட்டாள். "மச்சாள், தம்பிக்கு என்ன விருப்பம்? நண்டோ? கணவாயோ? பெடியள் இறைச்சிப் பிரட்டல்தானே விரும்புவாங்கள்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியாது மச்சாள். பதினொரு வயசிலை விட்டிட்டு வந்தனான். பேந்து அவனுக்கு என்ன விருப்பம் வந்ததெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அடுத்தநாள் இலை போட்டார்கள். மச்சாள் நண்டும் கணவாயும் இறைச்சியும் எல்லாம் வைத்தாள். அவள் ஒரு தகரப் பேணியோடு வந்தாள். சோற்றுக்குப் பக்கத்தில், இலையில் காலியான இடத்தில், தேத்தண்ணிக்குக் கரைக்கிற பால்மா மூன்று கரண்டி குவித்து வைத்தாள். சின்னனில் அவள் குசினியை விட்டு அங்காலே போனால் அவன் பால்மாவைக் களவாய் அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டு ஓடுவானாம். "வாயைத் திற எண்டால் திறக்கமாட்டான். கன்னம் ரெண்டும் உப்பியிருக்கும்" என்றாள். இருபது வயதுப் பிள்ளையின் இலையில் அந்தப் பால்மா சோற்று ஆவிபட்டு மஞ்சளாகிக் கட்டிபட்டது.

படைத்து முடிந்ததும் எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். அவள் எனக்கும் ஒரு கரண்டி பால்மா கையில் வைத்தாள். தமையன் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார், தாடி மழிக்காத முகத்தோடு. தம்பி, சூரியன் தெரிந்தது, ஒரு ஓரமல்ல, முழுசாய்த் தெரிந்தது என்று அவருடைய காதுக்குள் சொல்லியிருக்கலாம். அவள் குசினிக்குள் போய்விட்டாள், கேட்டிருக்காது. நான் பால்மாவை வாயில் போட்டேன். அது அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி குடியுங்கோ அக்கா" என்றார் அவர்.

குடித்தேன்.